கிறுக்கு வரகும் பூஞ்சண நஞ்சும்

வரகுச் சோறு உண்டவர் தலை சுழன்று, கைகால் நடுங்கி, வாந்தியெடுத்துக் கிடப்பதுண்டு. அத்தகைய வரகைக் 'கிறுக்கு வரகு' என்றே நம் பெரியோர் அழைத்தனர். உண்மையில் கிறுக்கு வரகினுடையதன்று. ஈரக் கதிரில் படரும் பூஞ்சணத்தினுடையது. அது சுரக்கும் நஞ்சிற்குச் சைக்ளோபியசானிக் அமிலம் என்று பெயர். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் வனத்தில், பூஞ்சணம் பிடித்த வரகைத் தின்ற பத்து யானைகள் மாண்டன. அவற்றின் உடலில் இந்நஞ்சே காணப்பட்டது.

கல்வராயன் மலையில் வரகும் சாமையும் விளைகின்றன. கீழே கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மக்காச்சோளமும் நிலக்கடலையும். இவ்விரண்டையும் பற்றும் பூஞ்சணத்தின் நஞ்சு இன்னும் கொடியது. அதற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். 1974இல் ராஜஸ்தானத்துப் பான்ஸ்வாடா, குஜராத்துப் பஞ்சமஹால் ஜில்லாக்களில், மழையில் நனைந்து கெட்ட மக்காச்சோளத்தை உண்ட மலைவாழ் மக்கள் காமாலை கண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுடன் அதே உணவைத் தின்ற நாய்களும் மாண்டன. இப்படி உடனே கொல்வது அபூர்வம். சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் உட்சென்று ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவதே இதன் வழக்கம். இந்நஞ்சிற்கு மணமில்லை, சுவையில்லை. கழுவினாலும் வேகவைத்தாலும் வறுத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. மாவாக்கிவிட்டாலோ, பூஞ்சணம் கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே அறுவடைக்கும் மூட்டை கட்டுவதற்கும் இடைப்பட்ட சில நாட்களே முக்கியமானவை. வடகிழக்குப் பருவமழை வருவதும் அந்நாட்களில்தான். மக்காச்சோளம் 12 சதவீதத்திற்கும், நிலக்கடலைக் காய் 8 சதவீதத்திற்கும் ஈரம் குறையும்வரை உலர வேண்டும். இதை அறியாத அங்கத்தினர் சிலரே. அறிந்தும் ஏன் உலர்த்துவதில்லை? 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மக்காச்சோளத்தை 12 சதவீதத்திற்கு உலர்த்தினால் 93 கிலோதான் மிஞ்சும். ஈரத்திற்கும் உலர்ந்ததற்கும் ஒரே விலை கொடுத்தால், ஒழுங்காக உலர்த்தியவருக்கே நஷ்டம். இது விவசாயியின் குற்றமன்று, விலை வைப்பவரின் குற்றம் என்பதே நம் கருத்து. ஈரமானி ஒன்றைச் சங்கம் வாங்கி, ஈரத்தைக் கண்டு விலையை வேறுபடுத்துவது நியாயம். அளந்தபின் மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாது அடுக்க வேண்டும்.

நெசவாள அங்கத்தினருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அவர்கள் வாங்கும் செக்கு நல்லது. ஆனால் செக்கில் நஞ்சு நீங்குவதில்லை. சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த பருப்பை ஆட்டுமுன் பொறுக்கி எறிவதே வழி. எறிவதென்றால் எறிவதுதான், "மாட்டுக்கு ஆகும்" என்று ஒதுக்கி வைப்பதன்று. ஆட்டிய கடலையின் நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற பசுவின் பாலில் ஒரு நாளைக்குள் மாற்றுருவில் நஞ்சு வெளிப்படும், காய்ச்சினாலும் போகாது. அத்தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளியும்.