காத்திருப்போர் பட்டியல் கூறும் செய்தி

பொங்கலுக்கு ஊர் செல்லும் நம் சங்கத்துக் குடும்பங்கள் காத்திருப்போர் பட்டியலை நன்கறியும். பயணிக்கு அது வேதனை. நிர்வாகத்திற்கோ அது செய்தி. ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் இதனைச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

முன்னாளில் முன்பதிவு விவரங்கள் பேரேடுகளில் எழுதப்பட்டன. பல நிலையங்களின் கணக்கைத் தொகுத்துப் பார்ப்பதற்குள் பண்டிகையே கடந்துவிடும். 1985-ல் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு சோதனையாகத் தொடங்கிற்று. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

இதனால் விளைந்த நன்மை யாது? எத்தடத்தில், எந்நாளில், எவ்வகுப்பில் நெருக்கம் மிகுதி என்பதை அதிகாரி உடனுக்குடன் அறிகிறார். கூடுதல் பெட்டி இணைப்பதா, சிறப்பு வண்டி விடுவதா என்று முடிவு செய்பவர் அவரே. பெட்டி கைவசம் உண்டா, தடத்தில் இடைவெளி உண்டா, நடைமேடையின் நீளம் போதுமா என்பனவற்றையும் அவர் சீர்தூக்க வேண்டும். பொறி கணக்குக் காட்டும்; தீர்மானிப்பது மனிதர் கடமை.

ஆனால் பதிவானதையே பொறி அறியும். காத்திருப்போர் எண்ணிக்கை எல்லையை எட்டியதும் சீட்டு வழங்கல் நின்றுவிடும். அதன்பின் வந்து, வெறுங்கையுடன் திரும்பியோர் அப்பட்டியலில் இரார். முன்பதிவற்ற பெட்டியில் நின்றுகொண்டே ஊர் செல்லும் தொழிலாளியும் இரார்.

ஆதலின், சங்கங்கள் பண்டிகைக்கு வெகு முன்னரே உறுப்பினரின் பயணத் தேவையைக் கணக்கெடுத்து, தடமும் நாளும் தொகையும் குறித்து விண்ணப்பித்தல் நலம். பொதுவான முறையீட்டினும் திருத்தமான கணக்கிற்கு வலிமை அதிகமன்றோ!