கடலாமை முட்டைகளின் காவல்

கல்பாத்தி போன்ற உள்நாட்டு ஊரினர் ஆமை காக்கும் தொண்டுக்குக் கடற்கரை செல்வதாயின், இரவு முழுதும் விழித்திருக்கச் சித்தமாக வேண்டும். கோழிக்கோடு மாவட்டத்துக் கொளாவிப்பாலத்தில் மீனவ வாலிபர்கள் 1992-ஆம் ஆண்டில் இத்தொண்டைத் தொடங்கினர். பங்குனி ஆமை இரவில் கரையேறி, ஏறத்தாழ அரை மீட்டர் ஆழக் குழியில் சுமார் 100 முட்டைகளிட்டு, மணலால் மூடிச் செல்கிறது. நரியும் நாயும் அலையும் அவற்றை விடுவதில்லை, மனிதனும்தான். ஆகவே அவை காவலுள்ள பொரிப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன. இதில் தாமதம் கூடாது. இட்ட சில மணி நேரத்திற்குள் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது; அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு மாண்டுவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பதும் மணலின் உஷ்ணமே. சுமார் 29 பாகை சென்டிகிரேடுக்கு மேல் பெண்கள் மிகும். குறைந்தால் ஆண்கள் மிகும். பொரிப்பகத்திற்கு நிழல் தேவைப்படுவது இதன் பொருட்டே. 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கியே ஊர்வதால், அவ்வேளையில் காவலர் தம் கைவிளக்கை அணைத்துவிடுதல் வேண்டும்.