கிராஃபிக்ஸ் கார்டை விர்ச்சுவல் மெஷினுக்கே கொடுத்துடலாமா?

நிறைய பேர் கேட்ட கேள்வியோட ஆரம்பிக்கிறேன். "லினக்ஸுக்குள்ள விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் போட்டு, கிராஃபிக்ஸ் கார்டை நேரடியா அதுக்கே கொடுத்தா கேம் நல்லா ஓடுமா?" ஓடும். இதுக்குப் பேர் பாஸ்த்ரூ. ஆனா அந்த வேகம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும்.

சாதாரணமா, விர்ச்சுவல் மெஷின் நிஜ கார்டைத் தொடாது. எல்லாமே ஹைப்பர்வைசர் வழியாகத்தான் போகும். பாஸ்த்ரூவில் அந்தக் காவல்காரர் வழியை விட்டு விலகிவிடுகிறார். வேகமும் அதனால்தான், ஆபத்தும் அதனால்தான்.

ஏன்னா கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் சிபியுவைக் கேட்காமலே ரேமில் படிக்கும், எழுதும். இதுதான் டிஎம்ஏ. கார்டு யார் கையில் இருக்கோ, அவர் ஹோஸ்டின் மெமரியையும் தொட முடியும். இதைத் தடுக்கத்தான் ஐஓஎம்எம்யூ இருக்கு. இன்டெலில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ. எந்தக் கார்டு எந்த முகவரியைத் தொடலாம்னு ஒவ்வொரு முறையும் அது சரிபார்க்கும்.

அது மட்டும் போதுமா? போதாது. 2011-ல் ரஃபால் வோய்ட்சுக், யோவன்னா ருட்கோவ்ஸ்கா ரெண்டு பேரும் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். இன்டரப்ட் என்பதே, ஒரு குறிப்பிட்ட முகவரியில் கார்டு எழுதும் சின்ன செய்திதான். அதைப் போலியாக அனுப்பி, விடி-டி இருந்தும் ஸென் ஹைப்பர்வைசரைத் தாக்க முடிந்தது. இதற்கு மருந்து இன்டரப்ட் ரீமேப்பிங். அது இல்லாத மெஷினில் லினக்ஸின் விஎஃப்ஐஓ பாஸ்த்ரூவையே மறுத்துவிடும். மீற ஒரு ஆப்ஷன் உண்டு. அதன் பேரிலேயே 'அன்சேஃப்'னு இருக்கு!

அடுத்து, ஏசிஎஸ் ஓவர்ரைடு பேட்ச். ஒரே ஐஓஎம்எம்யூ குரூப்பில் இருக்கும் கார்டுகள், காவலைத் தாண்டாமலே தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். இந்தப் பேட்ச் போட்டால், அவை தனித்தனின்னு கர்னல் நம்பும். ஹார்டுவேர் மாறாது.

மூன்றாவது, ஃபர்ம்வேர். கார்டு அனுமதித்தால் விர்ச்சுவல் மெஷின் அதன் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதலாம். மெஷினை டெலீட் பண்ணினாலும் அது போகாது. 2019-ல் எக்லிப்சியம் இதே மாதிரி ஒன்றை ஐபிஎம்-மின் வாடகை சர்வரில் காட்டியது. அது விர்ச்சுவல் மெஷின் இல்லை, முழு சர்வர். பிஎம்சி ஃபர்ம்வேரில் சின்ன மாற்றம் செய்து, சர்வரைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி அதையே எடுத்தார்கள். மாற்றம் அப்படியே இருந்தது.

அப்ப என்ன செய்யலாம்? உள்ளே ஓடுவது உங்க கேம் மட்டும்னா, ஐஓஎம்எம்யூவும் இன்டரப்ட் ரீமேப்பிங்கும் ஆன்ல இருக்கான்னு பார்த்துட்டு தாராளமா செய்யுங்க. நம்பிக்கையில்லாத ஃபைலைத் திறந்து பார்க்கவா? அந்த மெஷினுக்குக் கார்டே வேண்டாம்.