சுடுவோருக்கான செவிப் பாதுகாப்பு

சுடுவோருக்கான செவிப் பாதுகாப்பு என்பது துப்பாக்கி, பீரங்கி ஆகியவற்றின் வெடியொலியால் கேட்கும் திறன் குறைவதைத் தடுக்கும் கருவிகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள், வேட்டையாடுவோர், காவல்துறையினர், படையினர் ஆகியோருக்கு இது தேவைப்படுகிறது. இதன் தேவையை நெடுங்காலமாக உணர்த்திவந்தவர்களுள் கடற்படைப் பீரங்கி வீரர்கள் முதன்மையானவர்கள்.

வெடியொலியும் காதும்

ஒலியின் அளவு டெசிபல் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இது மடக்கை அளவீடு. எனவே 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. தொடர்ச்சியான இரைச்சலில் 85 டெசிபல் அளவை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்த நேரம் பாதியாகக் குறையும்.

வெடியொலிக்கு இந்தக் கணக்கு போதாது. அதன் உச்ச அளவு 140 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. பெரும்பாலான துப்பாக்கிகள் இந்த வரம்பைத் தாண்டுகின்றன. பெரிய ரைபிள்களின் ஒலி 160 டெசிபலுக்கும் மேல் செல்லும்.

பேரொலி கேட்கும்போது நடுச்செவியின் சிறு தசைகள் சுருங்கி உட்செவியை ஓரளவு காக்கின்றன. ஆனால் வெடியொலி சில மில்லி நொடிகளிலேயே உச்சத்தைக் கடந்துவிடுகிறது. தசைகள் சுருங்குவதற்குள் அது உட்செவியை அடைந்துவிடும்.

உட்செவியின் நத்தைச் சுருளில் உள்ள மயிரணுக்கள் ஒலியதிர்வை நரம்புச் சைகைகளாக மாற்றுகின்றன. மனிதரில் இவை இறந்தால் மீண்டும் வளர்வதில்லை. பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்சை ஒட்டிய உயர் அதிர்வெண்களில் தோன்றும். 'ச', 'த', 'ப' போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிவது கடினமாகும். பேசுவது காதில் விழும், சொல் விளங்காது. காதுக்குள் ஓயாத ரீங்காரமும் ஏற்படலாம்.

வலக்கைப் பழக்கமுள்ளவர் ரைபிளால் சுடும்போது அவரது இடக்காது குழல்முனைக்கு அருகில் இருக்கும். வலக்காதைத் தலை ஓரளவு மறைக்கும். அதனால் இத்தகையோருக்குப் பெரும்பாலும் இடக்காதே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது.

கடற்படை அனுபவம்

1782 ஆம் ஆண்டு கரீபியக் கடலில் நடந்த செயிண்ட்ஸ் போரில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி ரோட்னியின் கப்பலான பார்மிடபிள் ஏறத்தாழ 80 முறை பக்கவாட்டுப் பீரங்கிகளை முழங்கியது. அதன்பின் இரு வாரங்கள் அவருக்குக் காது கேட்கவில்லை என மருத்துவ வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

கப்பலில் ஆபத்து கூடுவதற்குக் காரணங்கள் உண்டு. எஃகுச் சுவர்கள் ஒலியை எதிரொலிக்கின்றன. பீரங்கியை இயக்குவோர் அதன் அருகிலிருந்து விலக முடியாது. இயந்திர அறையின் இரைச்சலில் காதுக்கு ஓய்வும் குறைவு. அமெரிக்காவின் அயோவா வகைப் போர்க்கப்பல்களில் 406 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஒன்பது இருந்தன. அவை சுடும்போது திறந்த மேல்தளத்திலிருந்து மாலுமிகள் அகற்றப்படுவர். ஆயினும் அந்தப் பெரும் முழக்கத்தைவிட, அருகிலிருந்த 127 மில்லிமீட்டர் பீரங்கிகளின் கூர்மையான வெடிப்பே காதை அதிகம் வருத்தியதாக முன்னாள் மாலுமிகள் பலர் நினைவுகூர்வதுண்டு. ஒலி தோன்றும் இடத்துக்கும் காதுக்கும் உள்ள தொலைவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

அக்கால மாலுமிகள் பஞ்சை அடைத்தனர் அல்லது விரல்களால் காதைப் பொத்தினர். பஞ்சு ஒலியை மிகக் குறைவாகவே தடுக்கும். முதலாம் உலகப் போரில் மல்லாக்–ஆம்ஸ்ட்ராங் காதுக்காப்பு பிரித்தானியப் படையினரிடையே பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வி-51ஆர் என்னும் ரப்பர் காதடைப்பான் உருவாக்கப்பட்டது. ஆனால் காதை அடைத்தால் கட்டளை கேட்காது என்ற அச்சத்தால் பலர் இவற்றைத் தவிர்த்தனர். போரில் கட்டளையைத் தவறவிடுவது உயிரையே பறிக்கலாம் என்பதால் அந்த அச்சம் பொருளற்றதன்று.

சுட்டபின் காதில் எழும் ரீங்காரமும் மந்தமும் ஓரிரு நாளில் தணிவதுண்டு. காது தேறிவிட்டது என்று வீரர்கள் எண்ணினர். உண்மையில் ஒவ்வொரு முறையும் சிறிது இழப்பு சேர்ந்திருக்கலாம். அது பணி ஓய்வுக்குப் பின்னரே குடும்பத்தாரின் பேச்சு விளங்காத நிலையாக வெளிப்படும். அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கு இழப்பீடு வழங்கப்படும் பாதிப்புகளுள் காது ரீங்காரமே முதலிடத்தில் உள்ளது.

பாதுகாப்புக் கருவிகள்

நுரைக் காதடைப்பான்: விலை குறைந்தது. இதை மெல்லிய உருளையாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயன் குறைவு.

காதுறை: காது முழுவதையும் மூடும். கண்ணாடிச் சட்டமோ முடியோ இடையில் வந்தால் இடைவெளி வழியே ஒலி புகும்.

மின்னணுக் காதுறை: மெல்லிய பேச்சொலியை ஒலிவாங்கி வழியே உள்ளே தருகிறது. வெடியொலி வரும்போது அவ்வழியை உடனே மட்டுப்படுத்துகிறது. கட்டளை கேட்காது என்ற பழைய சிக்கலுக்கு இது பெருமளவு தீர்வாகிறது.

பெட்டியில் அச்சிடப்பட்ட ஒலிக்குறைப்பு எண் ஆய்வகத்தில் சரியாக அணிந்து பெறப்பட்டது. நடைமுறையில் கிடைப்பது குறைவே. உள்ளரங்கச் சுடுதளங்களிலும் பெரிய துப்பாக்கிகளைச் சுடும்போதும் அடைப்பானையும் காதுறையையும் சேர்த்து அணிவது நல்லது. இரண்டின் எண்களும் அப்படியே கூடுவதில்லை. ஏறத்தாழ 5 டெசிபல் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். எனினும் அது பயனுள்ள வேறுபாடே.

சுடுபவருக்கு அருகில் நிற்பவரும் காதுக்காப்பு அணிய வேண்டும். ரீங்காரமோ மந்தமோ தோன்றினால் சுடுவதை நிறுத்தி, காதுக்கு ஓய்வு கொடுத்து, கேட்டல் சோதனை செய்துகொள்ள வேண்டும். இழந்த மயிரணுக்களை மீட்கும் மருத்துவம் இன்றும் நடைமுறைக்கு வரவில்லை. கேட்புக் கருவி உதவும் என்றாலும், அது பழைய செவித்திறனை முழுமையாகத் திருப்பித் தருவதில்லை.