எந்த வாசலுக்கு எந்தப் புள்ளி?

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய உறுதிக்கட்டு இருக்கிறது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது உம்மும்மா உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோனது. புத்தளத்தில் இருந்த காலம் முழுவதும் அதைத் துணியில் சுற்றியே வைத்திருந்தாராம். சோனகதெருவுக்குத் திரும்பி வந்து, எல்லை, உரிமை என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியபோதுதான் சட்டம் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லாத குறை விளங்கியது. சட்டம் படிக்க வேண்டும் என்ற என் ஆசை அங்கேதான் தொடங்கியது.

முதற்தடவை உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் சட்டத்துக்கான வெட்டுப்புள்ளியை என் இசட் புள்ளி எட்டவில்லை. உடனே ஆங்கில டிப்ளோமா ஒன்றிலும் கணினி வகுப்பிலும் சேர்ந்தேன். சான்றிதழ் கூடினால் என் தகுதியும் கூடும் என்று நம்பினேன். உண்மை விளங்க ஆறு மாதம் சென்றது. என் தங்கையருக்கு அந்த ஆறு மாதம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இசட் புள்ளியைப் பார்ப்போம். நாம் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுப்பார்கள். ஓர் உதாரணம்: ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைப்போம். அதில் 70 எடுத்தவருக்கு இசட் 2.0. இன்னொரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10 என்றால், அதே 70க்கு 1.0 மட்டுமே. மூன்றாம் பாடத்தில் 1.5 என்றால், மூன்றினதும் சராசரியான 1.5 தான் அவருடைய புள்ளி. மற்றவர்களோடு ஒப்பிடும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதையே இது சொல்கிறது.

இந்தக் கணக்கில் மூன்று பாடங்களைத் தவிர வேறெதுவும் நுழையாது. பொது ஆங்கிலம் சேராது. பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். ஆனால் அதுவும் இசட் புள்ளியைக் கூட்டாது. வெளியே எடுத்த டிப்ளோமாவுக்கு இங்கே இடமே இல்லை. போன தடவை நன்றாகச் செய்த ஒரு பாடத்தை இந்தத் தடவைப் பெறுபேற்றோடு ஒட்டவும் முடியாது. மூன்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுக்கப்படும்.

யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கணக்குகள் புதியவையல்ல. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் இங்குள்ள ஒரு தலைமுறையையே கொதிக்க வைத்தது. இசட் புள்ளி முறை 2001இல் வந்தது. 2011இல் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களைச் சேர்த்துக் கணித்தபோது விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தக் கணிப்பே ரத்தானது. ஒரு கணக்கின் பின்னால் எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கை நிற்கிறது என்பதை அந்த வழக்கு காட்டியது.

அமெரிக்காவில் இருக்கும் என் ராத்தா முறையான ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தனக்கும் இதே மயக்கம் இருந்ததாகச் சொன்னார். அங்கே சட்டம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். பட்டத்தின் தரப்புள்ளிச் சராசரியையே சட்டக் கல்லூரிகள் பார்க்கும். மேலதிகப் பாடங்கள் எடுத்து அதை உயர்த்தலாமா? ஒருவர் 90 அலகுகளில் 3.0 வைத்திருக்கிறார் என்போம். மேலும் 12 அலகுகள் எடுத்து, எல்லாவற்றிலும் 4.0 பெற்றாலும் சராசரி 3.12 அளவுக்குத்தான் ஏறும். பின்னால் பாரம் கூடக்கூட முன்னால் நகர்வது குறையும். அதைவிடப் பெரிய விடயம்: விண்ணப்பங்களைத் தொகுக்கும் எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பு, முதற்பட்டம் கிடைக்கும் வரை படித்த பாடங்களையே அந்தச் சராசரியில் சேர்க்கும். பட்டம் முடித்தபின் எடுக்கும் பாடங்கள் அந்தக் கணக்கை அசைக்காது. "படிச்சது வீணில்லை, ஆனா புள்ளிக்கெண்டு படிச்சா வீண்தான்" என்றார் ராத்தா.

இனி நம் வாசல்கள். முதலாவது, கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டம். அதற்கு இசட் புள்ளியே சாவி. இரண்டாவது, 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி. அங்கே இசட் புள்ளி கேட்பதில்லை. மொழியையும் பொது அறிவையும் சோதிக்கும் போட்டிப் பரீட்சையே வாசல். மூன்றாவது, திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டம். அதற்குத் தனியான தெரிவுப் பரீட்சை உண்டு. யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றாலும், சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரிப் பரீட்சையும் பயிற்சிக் காலமும் முடிக்க வேண்டும்.

இதை அறிந்தபின் ஒரு கொப்பியில் இரண்டு கோடு போட்டு மூன்று நிரல் ஆக்கினேன். எந்த வேலை எந்த வாசலுக்கு உதவும் என்று நிரப்பினேன். கணினி வகுப்பு எந்த நிரலிலும் விழவில்லை, அதை நிறுத்தினேன். ஆங்கிலம் இசட் புள்ளிக்கு உதவாவிட்டாலும் சட்டப் படிப்புக்கு உதவும். அதைக் கிழமைக்கு ஒரு நாளாகக் குறைத்தேன். தினமும் பத்திரிகை வாசிப்பது இரண்டாம் வாசலுக்கு. மிச்ச நேரமெல்லாம் அளவையியலுக்கு. அதில்தான் என் புள்ளி சராசரியை ஒட்டிக் கிடந்தது; ஏறுவதற்கு இடமும் அங்கேதான் இருந்தது.

இரண்டாந்தடவை எழுதிவிட்டேன். பெறுபேறு இன்னும் வரவில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றாலும், இம்முறை எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியும். முன்பு உம்மாவுக்கும் எனக்கும் நடந்த அழுகையும் வாக்குவாதமும் பாதி இந்த அறியாமையால் வந்தவைதான்.

தங்கையரே, ஒரு மேலதிக வகுப்பில் சேருமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எந்தக் கணக்கில் சேரும்? விடையை ரியூசன் நோட்டீசில் தேடாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலில் தேடுங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வருடத்துக் கைநூலையே பாருங்கள்.

நேற்றும் உம்மும்மா கேட்டார்: "உறுதியை எப்ப மகள் வாசிச்சுச் சொல்லுவா?" இன்ஷா அல்லாஹ், உம்மும்மா. கட்டு அலுமாரியிலேயே இருக்கட்டும்.