சீன முன்னெடுப்பு

சீன முன்னெடுப்பு என்பது வணிக இரகசியங்களும் ஆய்வுத் தரவுகளும் சீனாவுக்குக் களவு போவதைத் தடுக்கும் நோக்கில் ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் 2018 நவம்பர் முதல் 2022 பெப்ரவரி வரை நடத்திய திட்டமாகும்.

பின்னணி

பல்கலைக்கழக ஆய்வுகளில் பெரும்பகுதி இரகசியமானதன்று. அவற்றின் முடிவுகள் ஆய்விதழ்களில் வெளியாகின்றன. அடிப்படை ஆய்வு இயன்றவரை கட்டுப்பாடின்றி நடைபெற வேண்டும் என்பதே 1985இல் ரேகன் அரசு வகுத்த கொள்கை. எனினும், சீனா 2008இல் தொடங்கிய ‘ஆயிரம் திறனாளர் திட்டம்’ மூலம் அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் மறைவாக இரண்டாவது ஊதியம் பெற்றது ஐயத்தை எழுப்பியது.

வழக்குகள்

பேராசிரியர்கள் மீதான வழக்குகள் பெரும்பாலும் உளவு பார்த்ததற்காக அல்ல, சீனத் தொடர்புகளை மறைத்ததாகவே தொடரப்பட்டன. ஆர்வர்டு வேதியியலாளர் சார்லசு லீபர் 2021 திசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். டென்னசி பல்கலைக்கழகத்தின் அன்மிங் ஹு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, வேலையும் இழந்தார்; 2021 செப்டம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் காங் சென் மீதான குற்றச்சாட்டுகளை 2022 சனவரியில் அரசே திரும்பப் பெற்றது.

முடிவும் விளைவும்

சீன வம்சாவளி அறிவியலாளர்களை இனத்தைக் கொண்டு ஐயுறுவதாகக் கண்டனம் வலுத்தது. 2022 பெப்ரவரி 23 அன்று திட்டம் முடிவுக்கு வந்தது. ஆய்வுப் பாதுகாப்பு விதிகள் நீங்கவில்லை: அரசு நிதி கோருவோர் வெளிநாட்டு நிதியையும் பதவிகளையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கூட்டாய்வு குற்றமன்று, அதனை மறைப்பதே சிக்கலாகிறது.