மோந்து பார்த்து மாப்பிள்ளை

விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டுச் சின்னமனூரில் அரிசிக் கடை நடத்துகிறவன் நான். படித்தது வீண்போகவில்லை. பெரியாறு தண்ணீரில் இரண்டு போகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் அரிசிக்கு முதல் வாடிக்கை சுண்டெலிதானே! கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை ஒருநாள் ராத்திரி மூட்டைகளுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். சுவரோரம் நெடுகப் பொட்டுப் பொட்டாக வெளிர்நீலம். அத்தனையும் எலி மூத்திரம்.

எனக்கு அது நாற்றம்; பெண் எலிக்கு மாப்பிள்ளை ஜாதகம். சண்டையில் ஜெயித்த ஆண் போகிற வழியெல்லாம் சொட்டுவிட்டுக்கொண்டே போகும். தோற்றதோ மூலையில் ஒதுங்கிப் பெய்துவிட்டு வந்துவிடும். 1973-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்ததும் புற ஊதா வெளிச்சத்தில்தான்.

ஆண் சுண்டெலியின் மூத்திரத்தில் புரதம் ஏராளம். சட்டென்று ஆவியாகிவிடும் மணப்பொருள்களை அது பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்; ஆள் போன பிறகும் வாசம் நிற்கும். புரதக் கலவை எலிக்கு எலி மாறுவதால் எவனுடைய சொட்டு என்பதும் தெரிந்துவிடும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட் குழு 2010-இல் அதில் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, ஜேன் ஆஸ்டின் நாவலின் நாயகன் டார்சி நினைவாக ‘டார்சின்’ என்று பெயர் வைத்தது. விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு. பெண் எலி ஒருமுறை டார்சினில் மூக்கை வைத்தால் போதும், அந்த ஆணின் வாசம் மனதில் பதிந்துவிடும். சொட்டு கிடந்த இடத்தைச் சுமார் 14 நாள் மறக்காது.

வாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. புதிதாகக் கருத்தரித்த சுண்டெலி அந்நிய ஆணின் மணம் பட்டால் கருவை இழக்கக்கூடும் என்று 1959-இல் ஹில்டா புரூஸ் காட்டினார்.

நம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் அர்ச்சுனன் குழுவினர் ஆண் சுண்டெலி மூத்திரத்தின் மணப்பொருள்களைப் பிரித்துச் சோதித்து 2002-இல் எழுதினார்கள். பெண் எலி பருவத்துக்கு வரும்போது வெளிப்படும் பொருள் ஒன்றைப் பற்றி 2006-இல் எழுதினார்கள்.

தினமும் எலிப்பொறியைத் தேய்த்துக் கழுவுகிற கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தி வேறு பால் எலி சிக்கிய பொறியில் சுண்டெலி கூடுதலாக விழுவதை அமெரிக்கச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே சிக்கியது சுண்டெலியானால் பொறியைக் கழுவாமல் அதே இடத்தில் வையுங்கள். கையுறை போடாமல் மட்டும் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் எலி மூத்திரத்தாலும் பரவும்.